டெஸ்டிங் டூலை மாற்றலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் பெரியபட்டினத்தில் வீட்டிலிருந்தபடியே சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வேலை பார்க்கிறேன். டெஸ்டிங் டீமுக்கு லீட். கடன் கொடுக்கும் நிறுவனங்கள் பயன்படுத்தும் பெரிய சாஃப்ட்வேர் எங்களுடையது. ஒன்பது வருஷமாக, பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் செலினியம் என்ற டூலில், ஜாவாவில் எழுதிச் சேர்த்த டெஸ்ட்கள் 3,400 இருக்கின்றன. நாலு மெஷினில் பிரித்து ஓட்டியும் ராத்திரி 10 மணிக்கு ஆரம்பித்தால் விடிகாலை 5 ஆகிறது. தினமும் எழுபது, எண்பது டெஸ்ட் பெயிலாகிச் சிவப்பில் கிடக்கும். திரும்ப ஓட்டினால் பாதிக்கு மேல் பச்சையாகிவிடும். குரோம் அப்டேட் ஆகும் நாளில் எல்லாமே பெயில். புதிதாக வந்திருக்கும் மேனேஜர், மூன்று மாதத்தில் மொத்தத்தையும் பிளேரைட் என்ற இன்னொரு டூலுக்கு, அதுவும் டைப்ஸ்கிரிப்ட் மொழியில், மாற்றச் சொல்கிறார். டீமில் நாங்கள் ஆறு பேர். சின்னவர்கள் நாலு பேருக்கும் ஆசை. பதினோரு வருஷம் அனுபவமுள்ள அண்ணன் ஒருவர், "வேண்டாம்மா, கெட்டுப்போகும்" என்கிறார். அடுத்த வாரம் நான் பதில் சொல்ல வேண்டும். மாற்றலாமா, கூடாதா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, பெரியபட்டினம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் "திரும்ப ஓட்டினால் பாதிக்கு மேல் பச்சையாகிவிடும்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எந்த டூல் நல்லது என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் இதைப் பேச வேண்டும்.

என் அப்பா தங்கச்சிமடத்தில் நாட்டுப்படகு வைத்திருந்தார். கரைக்கு வந்ததும் வலையை மணலில் விரித்து, கிழிசலைக் கையில் எடுத்துப் பார்ப்பார். அடிப்பக்கம் நீளமாகக் கிழிந்திருந்தால் பாரில், அதாவது கடலடிப் பாறையில், மாட்டியது. அங்கங்கே கடித்துக் குதறியிருந்தால் பேத்தை மீனின் வேலை. இழுத்த இடத்திலெல்லாம் நூல் அறுந்தால் வலைக்கு வயசாகிவிட்டது. பாரில் மாட்டிய வலைக்காக அவர் புது வலை வாங்கி நான் பார்த்ததில்லை. கிழிசலைக் கட்டிவிட்டு, மறுநாள் வலை விடும் இடத்தை மாற்றுவார். நூல் நைந்தால் மட்டும்தான் கடன் கேட்டு வெளியே கிளம்புவார்.

உங்கள் எண்பது சிவப்பையும் இப்படிக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் போதும். ஒரு ஷீட்டைத் திறந்து, பெயிலான ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் பக்கத்தில் என்ன காரணம் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். சாஃப்ட்வேரிலேயே பக் இருந்ததா? பக்கம் முழுசாக வருவதற்குள் பட்டனை அழுத்தப் போனதா? முந்தின டெஸ்ட் விட்டுப்போன டேட்டா குறுக்கே வந்ததா? திரையை மாற்றியதால் லொக்கேட்டர் (திரையில் பட்டன் எங்கே என்று சொல்லும் முகவரி) செத்ததா? டெஸ்ட் சர்வர் படுத்துவிட்டதா? இதில் எதுவும் இல்லாமல் டூலே தவறு செய்ததா? அடுத்த வாரம் பதில் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். கையில் கணக்கோடு வருகிறேன் என்று சொல்கிறவருக்கு அந்த அவகாசம் கிடைக்கும்.

அதுவரைக்கும், நீங்கள் எழுதியதிலிருந்தே இரண்டு விஷயம் சொல்ல முடியும்.

குரோம் அப்டேட் ஆனால் எல்லாம் பெயில் என்றால், நீங்கள் இன்னும் செலினியம் 3-இல் இருப்பீர்கள், அல்லது செலினியத்துக்கும் பிரவுசருக்கும் நடுவில் நிற்கும் டிரைவர் ஃபைலை யாரோ கையால் இறக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். 2022 நவம்பரில் வந்த செலினியம் 4.6-லிருந்து, 'செலினியம் மேனேஜர்' என்ற பகுதி பிரவுசருக்குப் பொருத்தமான டிரைவரைத் தானே தேடி எடுத்துக்கொள்கிறது. டூலை மாற்றாமல், இருக்கிற டூலின் பதிப்பை ஏற்றினாலே இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். மேனேஜரிடம் இதை முதல் வேலையாகச் சொல்லுங்கள், தங்கச்சி.

அடுத்தது, காத்திருப்பு. உங்கள் கோடில் 'த்ரெட் ஸ்லீப்' (இத்தனை விநாடி சும்மா நில் என்ற கட்டளை) என்று தேடிப் பாருங்கள். ஒவ்வொரு டெஸ்ட்டிலும் யாரோ அவசரத்தில் போட்ட ஐந்து விநாடித் தூக்கம் ஒன்றே ஒன்று இருந்தாலும் 17,000 விநாடி. கிட்டத்தட்ட நாலே முக்கால் மணி நேரம். நாலு மெஷினில் பிரித்தாலும் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் எல்லா மெஷினும் சும்மா நிற்கின்றன. அந்த ஐந்து விநாடி, சர்வர் வேகமாக இருக்கும் நாளில் வீண். மெதுவாக இருக்கும் நாளில் போதாது. மறுபடி ஓட்டினால் பச்சையாகும் டெஸ்ட்களில் பெரும்பாலானவை இங்கேதான் சிக்கியிருக்கும் என்பது என் அனுபவம்.

பிளேரைட் உண்மையிலேயே ஒரு படி மேலே இருப்பது இந்த இடத்தில்தான். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் வெளியிட்டது. ஒரு பட்டனை அழுத்தச் சொன்னால், அது திரையில் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, அழுத்தக்கூடிய நிலையில் இருக்கிறதா, மேலே வேறு எதுவும் மறைக்கவில்லையா என்று அதுவே பார்த்துவிட்டு அப்புறம்தான் அழுத்துகிறது. செலினியத்தில் இதே காத்திருப்பை நாம் எழுத வேண்டும். எழுதினால் அதுவும் ஒழுங்காக வேலை செய்யும். எழுதாமல் விடுவதற்கு வழி நிறைய இருக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்று, பெயிலான டெஸ்ட்டை ஒவ்வொரு அடியாகப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கும் 'டிரேஸ்' வசதி. ராத்திரி 2 மணிக்குத் திரையில் என்ன இருந்தது என்று காலையில் உட்கார்ந்து பார்க்கலாம். எனக்கு அது ரொம்பப் பிடித்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

ஆனால் டேட்டா சண்டையை எந்த டூலும் தீர்க்காது. ஒரே வாடிக்கையாளர் எண்ணை இருபது டெஸ்ட் பகிர்ந்துகொண்டால் பிளேரைட்டிலும் அவை மோதிக்கொள்ளும். இன்னும் வேகமாக மோதிக்கொள்ளும். திரையின் மேலிருந்து 'மூன்றாவது டிவ், அதற்குள் இரண்டாவது டேபிள்' என்று இறங்கும் எக்ஸ்பாத் முகவரியை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் அங்கேயும் சாகும். டெவலப்பர்களிடம் கேட்டு, முக்கியமான பட்டன்களுக்கும் கட்டங்களுக்கும் மாறாத டெஸ்ட் ஐடி போடச் செய்யுங்கள். எந்த டூலில் இருந்தாலும் உதவும்.

சரி, நூல் நைந்த வலை எது? ஆங்குலரில் வெப் திரை செய்கிறவர்கள் பயன்படுத்திய ப்ரொட்ராக்டர் என்ற டெஸ்டிங் டூல். அதைச் செய்தவர்களே நிறுத்துகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி, 2023-இல் ஆதரவை முடித்துக்கொண்டார்கள். உங்களிடம் இருப்பது அதுவாக இருந்தால் இத்தனை பேச்சே தேவையில்லை. இன்றே மாற்ற ஆரம்பியுங்கள் என்பேன். செலினியம் 2004-இல் பிறந்தது, வயசானதுதான். ஆனால் அதன் அடியில் இருக்கும் வெப்டிரைவர் என்ற முறை 2018-இல், வெப் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி-யின் தரநிலையே ஆகிவிட்டது, பிரவுசர் செய்கிறவர்களே அதற்கு டிரைவர் தருகிறார்கள். நாளைக்கே கைவிட்டுப் போகிற டூல் இல்லை. நீங்கள் பயத்தில் ஓட வேண்டியதில்லை, நிதானமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

இப்போது அந்த அண்ணன் சொன்ன "கெட்டுப்போகும்" என்ற பேச்சுக்கு வருகிறேன். அவர் சோம்பலில் சொல்கிறார் என்று சின்னவர்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் நான் பட்டது.

2012-இல் சென்னையில் நான் இருந்த நிறுவனத்திலும் கடன் சாஃப்ட்வேர்தான். கியூடிபி என்ற, காசு கொடுத்து வாங்கும் டெஸ்டிங் டூலில், விபிஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய 1,100 ஸ்கிரிப்ட். லைசென்ஸ் செலவு தாங்கவில்லை என்று செலினியத்துக்கு மாற்ற முடிவானது. எட்டுப் பேர், எட்டு மாதம். தினமும் இத்தனை ஸ்கிரிப்ட் முடித்தாக வேண்டும் என்று சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது.

அதில் ஒரு ஸ்கிரிப்ட், ஜனவரி 31-ஆம் தேதி கடன் எடுத்தவரின் முதல் தவணை பிப்ரவரி கடைசி நாளில் விழுகிறதா என்று பார்க்கும். எழுதியவர் வேலையை விட்டுப் போய் நாளாகியிருந்தது. கல்லூரி முடித்து இரண்டு மாதமே ஆன ஒரு பெண் அதை மாற்றினாள். மாற்றிய நாள் ஏப்ரலில். காலண்டரில் 31 என்ற கட்டமே இல்லை, டெஸ்ட் பெயில். மாதத்தைப் பின்னால் நகர்த்த வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. 31-ஐ 15 என்று மாற்றினாள், பாஸ் ஆனது. ரிவ்யூ செய்து சரி போட்டது நான். எனக்கும் அந்த 31 ஏன் அங்கே இருந்தது என்று தோன்றவில்லை. அன்றைக்கு நாற்பது ஸ்கிரிப்ட் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த வருஷக் கடைசியில் தேதிக் கணக்குப் பகுதியை ஒரு டெவலப்பர் திருத்தினார். டெஸ்ட் எல்லாம் பச்சை. 2013 ஜனவரி 31-இல் கடன் எடுத்தவர்களுக்கு, பிப்ரவரி 31 என்ற இல்லாத தேதியைக் கணக்கிட்டு, முதல் தவணை மார்ச் 3-க்குப் போய்விட்டது. மூன்று நாள் வட்டி கூட ஏறியது. வாடிக்கையாளர் சேவைக்கு வந்த அழைப்பின் பதிவை எங்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்கள். ஒரு அம்மா, "நான் ஒரு நாளும் தவணை தவறினதில்லையே, மூணு நாள் வட்டி எதுக்குங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். கோபப்படக்கூட இல்லை. அந்தக் குரல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

பழைய டெஸ்ட்டில் பார்ப்பதற்கு விசித்திரமாக இருக்கும் ஒரு எண், ஒரு பெயர், தேவையில்லாதது போன்ற ஒரு படி – இவையெல்லாம் யாரோ ஒருவர் ஒரு பக்-கில் அடிபட்டு வைத்துவிட்டுப் போனவை. மாற்றும் அவசரத்தில் முதலில் போவதும் இவைதான். இப்போது ஏஐ கருவிகள் ஒரு மணி நேரத்தில் நூறு டெஸ்ட்டை மாற்றிக் கொடுத்துவிடுகின்றன. நானும் பயன்படுத்துகிறேன், எழுத்து வேலை நிறையக் குறைகிறது. ஆனால் பாஸ் ஆக்கு என்று சொன்னால் அதுவும் 31-ஐ 15 ஆக்கத் தயங்காது. மாற்றிய டெஸ்ட் சரியானதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒன்றுதான்: சாஃப்ட்வேரில் வேண்டுமென்றே அந்தத் தவறைச் செய்து வைத்துவிட்டு, புது டெஸ்ட் பெயிலாகிறதா என்று பாருங்கள். பெயிலாகவில்லை என்றால் அது வெறும் பச்சை விளக்கு. 3,400-க்கும் இதைச் செய்ய முடியாது. பணம் சம்பந்தப்பட்டவற்றுக்காவது செய்யுங்கள்.

அதனால் அந்த அண்ணனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எந்த டெஸ்ட் கெட்டுப்போகும் என்று பயப்படுகிறீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் டெஸ்ட் ஒவ்வொன்றின் தலையிலும், இது ஏன் இருக்கிறது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நீங்கள் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அந்த வரிகள் உங்களுக்கு மிச்சம்.

ஆட்களைப் பற்றி இன்னொன்று. பாக் நீரிணையில் இழுவைமடிப் படகுகளைக் குறைத்து, மீனவர்களை ஆழ்கடல் சூரை மீன்பிடிப்புக்கு மாற்ற 2017-இல் ஒரு திட்டம் வந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். படகு ஒன்று 80 லட்சம், அதில் 70 சதவீதம் அரசு மானியம். அப்படியும் எதிர்பார்த்த அளவுக்கு ஆட்கள் போகவில்லை. எங்கள் ஊரில் உட்கார்ந்து பேசினால் முதலில் வருவது பணம், கடன். அதற்கு அடுத்து வருவது வேறு பேச்சு. இன்று போய் நாளை திரும்புகிறவன் வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும், மடி இழுத்த கை தூண்டில் கட்டப் பழக வேண்டும், போகிற கடலும் வேறு. படகைக் கொடுத்துவிடலாம், தொழில் பழக நாளாகும்.

உங்கள் மேனேஜர் கேட்பதும் ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம். டூலும் புதிது, மொழியும் புதிது. ஒன்பது வருஷம் ஜாவாவில் எழுதிய டீமை மூன்று மாதத்தில் டைப்ஸ்கிரிப்டுக்கு இழுப்பது வீண் பாரம். பிளேரைட்டை ஜாவாவிலேயே எழுதலாம். அதிகாரபூர்வமாகவே ஜாவா, பைத்தான், டாட்நெட் மூன்றுக்கும் இருக்கிறது. தானாகக் காத்திருப்பதும் டிரேஸும் ஜாவாவிலும் கிடைக்கும். டெஸ்ட்களைத் திரட்டி ஓட்டும் பிளேரைட்டின் சொந்த டெஸ்ட் ரன்னர் மட்டும் ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் பக்கம்தான் உண்டு. ஜாவாவில் நீங்கள் இப்போது வைத்திருக்கும் ரன்னரையே வைத்துக்கொள்ளலாம். சில வசதிகள் போகும், ஆனால் அண்ணன் கூடவே வருவார். என்னைக் கேட்டால் அதுதான் லாபம்.

ஒரு எச்சரிக்கை: உங்கள் கடன் நிறுவனங்களின் ஆட்கள் ஐபேடில், சஃபாரியில் வேலை செய்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிளேரைட் தன்னோடு கொண்டுவருவது வெப்கிட் என்ற பிரவுசர் எஞ்சின். சஃபாரிக்கு நெருக்கம், ஆனால் சஃபாரியே அல்ல.

அப்படியென்றால் நான் என்ன சொல்கிறேன்? மூன்று மாதத்தில் மொத்தமாக மாற்ற வேண்டாம். மாற்றவே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். முதல் மாதம் செலினியம் 4-க்கு ஏற்றுங்கள், ஸ்லீப்களைப் பிடுங்கிவிட்டுச் சரியான காத்திருப்பைப் போடுங்கள். கூடவே 3,400-ஐயும் ஒரு தடவை சல்லடை போட வேண்டும். இல்லாத திரைக்கான டெஸ்ட், ஒன்றையே இரண்டு தடவை பார்க்கும் டெஸ்ட் எல்லாவற்றையும் அழியுங்கள். தவணைக் கணக்கு, வட்டிக் கணக்கு போன்றவற்றைப் பார்க்கப் பிரவுசரே திறக்க வேண்டியதில்லை. அவற்றை டெவலப்பர்களோடு பேசி, திரை இல்லாமல் கணக்கை நேரடியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட்டாகவோ ஏபிஐ டெஸ்ட்டாகவோ கீழே இறக்குங்கள். பிரவுசரில் முப்பது விநாடி எடுப்பது அங்கே கண் இமைப்பதற்குள் முடியும். மிச்சமாகும் எண்ணிக்கையைப் பார்த்தால் உங்களுக்கே தெம்பு வரும்.

இரண்டாவது மாதத்திலிருந்து புதிதாக எழுதும் டெஸ்ட் எல்லாம் பிளேரைட் ஜாவாவில் இருக்கட்டும். பழையதில் மிக மோசமாக ஆடுகிற நாற்பதை மட்டும் எடுத்து மாற்றி, ஒரு மாதம் இரண்டையும் ஒரே ராத்திரியில் ஓட்டுங்கள். பழைய நாற்பது எத்தனை தடவை பொய்யாகப் பெயிலானது, புதியது எத்தனை தடவை, ஒன்றை மாற்ற எத்தனை மணி நேரம் பிடித்தது. இந்த மூன்று எண்ணையும் மேனேஜர் முன்னால் வையுங்கள். மற்றதை மாற்றுவதா வேண்டாமா என்று அப்போது அவரே உங்களோடு உட்கார்ந்து பேசுவார். ஒரு டெஸ்ட்டின் புது வடிவம் நம்பிக்கையாக ஓடும் வரை பழையதை அழிக்காதீர்கள். ஓடிய பிறகு ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டையும் பராமரிப்பது ஆறு பேர் டீமின் முதுகை ஒடித்துவிடும்.

இரண்டு வாரக் கணக்கு முடிந்ததும் எனக்கும் எழுதுங்கள். எந்தக் காரணம் அதிகம் வந்தது என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.

கேள்வி: நான் ஜாவா டெவலப்பர். எங்கள் புராஜெக்டில், ஜாவா கோடைச் சோதிக்கும் ஜேயூனிட் டூலின் 4-ஆம் பதிப்பில் 2,000 யூனிட் டெஸ்ட் உள்ளன. ஜேயூனிட் 5-க்குப் போக வேண்டும் என்றால் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மாற்ற வேண்டுமா?
– வாசகர், தொண்டி

பதில்: நிறுத்த வேண்டியதே இல்லை, தம்பி. 2017-இல் ஜேயூனிட் 5 வந்தபோதே பழையவற்றை ஓட்டுவதற்கென்று 'விண்டேஜ்' என்ற எஞ்சினையும் சேர்த்தே கொடுத்தார்கள். பழைய 2,000-உம் புதிதாக எழுதுவதும் ஒரே ரன்னில் ஓடும். ஒரு ஃபைலைத் தொடும்போது அந்த ஃபைலை மட்டும் மாற்றிக்கொண்டே வாருங்கள். மொத்தமாக மாற்ற 'ஓபன்ரீரைட்' போன்ற தானியங்கிக் கருவிகளும் இருக்கின்றன.

கையால் மாற்றும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். எதிர்பார்த்த மதிப்பும் வந்த மதிப்பும் ஒன்றா என்று பார்க்கும் 'அசெர்ட் ஈக்வல்ஸ்' எழுதும்போது, பெயில் ஆனால் காட்ட வேண்டிய செய்தியை ஜேயூனிட் 4-இல் முதலில் கொடுப்போம். 5-இல் அது கடைசிக்குப் போய்விட்டது. செய்தி, இரண்டு மதிப்பு என மூன்றுமே ஸ்டிரிங்காக (எழுத்துத் தொடராக) இருந்தால் கம்பைலர் வாயே திறக்காது. ஓட்டும்போது டெஸ்ட் பெயிலாகும். அந்த நேரத்தில் எதிர்பார்க்கும் மதிப்பைத் திருத்திப் பாஸ் ஆக்கிவிடாதீர்கள். வரிசையை மட்டும் மாற்றுங்கள். மேலே பெரியபட்டினத்துத் தங்கச்சிக்கு எழுதிய 31-ஆம் தேதிக் கதையைப் படித்திருப்பீர்கள்.

கேள்வி: ராமநாதபுரத்தில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறேன். டெஸ்டிங் வேலைக்குச் செலினியம் கற்பதா, பிளேரைட் கற்பதா?
– மாணவி

பதில்: ஏதாவது ஒன்று. கையில் இருப்பதை வைத்து இன்றைக்கே ஆரம்பி, ம்மா. ரயில் டிக்கெட் எடுக்கும் திரை மாதிரி நீயே ஒரு சின்னத் திரை செய்துகொள். அதற்குப் பத்து டெஸ்ட் எழுது. அப்புறம் அந்தத் திரையில் நீயே ஐந்து தவறு செய்து வை. உன் டெஸ்ட் எத்தனையைப் பிடிக்கிறது என்று ஒரு நோட்டில் குறி. நேர்காணலுக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போ.